ஒரு தெரு குறைவு

சின்னமலை ஃபாதர் போன மாதம் இறந்தார்.
அவர் புத்தகங்கள் மூன்று கோணியில்
எங்கள் கடைக்கு வந்தன.
கிலோ பன்னிரண்டு. ஈரம் பட்டதென்றால் எட்டு.
இரண்டாயிரத்துப் பதினைந்தில் வீட்டுக்குள் வந்த ஆறு
எல்லாப் புத்தகத்திலும் ஒரே உயரத்தில்
கோடு கிழித்துவிட்டுப் போயிருந்தது.
எட்டே போடு, என்றார் முதலாளி.

ஒன்றுக்கு அட்டையில்லை. முதல் தாளில்லை.
எழுதியவன் பெயர் வண்டலோடு போய்விட்டது.
ரோமாபுரிக் கவி என்று மட்டும்
உள்ளே பென்சிலில், தமிழில்.
வரிக்கு வரி ஓரமெல்லாம்
ஃபாதரின் எறும்புக் கையெழுத்து.

'மிளகு விலை ஏறிவிட்டதாம்.
விருந்துக்கு அழைத்தவன்
காரத்துக்குப் பதில் கவிதை கொண்டுவரச் சொல்கிறானாம்.'

தராசு முன்னால் சிரித்துவிட்டேன்.
நம் கரையில் கப்பல் ஏறிய மிளகு.
நேற்று சைதை மார்க்கெட்டில்
நூறு கிராம் தொண்ணூற்றைந்து.
நானும் ஐம்பதுதான் வாங்கினேன், ஐயா.

மூட்டை கட்டும் டில்லிபாபு எட்டிப் பார்த்தான்.
இன்னாக்கா படிக்கிற, இந்தியா?
லத்தீன்டா. செத்துப்போன பாஷை.
செத்ததுக்கு எதுக்குக்கா எடை?
பதில் தெரியவில்லை.
தராசு மட்டும் முந்நூற்றெண்பது என்றது.

அடுத்த தாளில் இது:

'கடன் வாங்கியவனுக்கு
ஊரில் ஒரு தெரு குறைந்துவிடுகிறது.'

அதோடு மூடினேன்.
எனக்கு ஜோன்ஸ் ரோடு குறைந்து நாலு வருஷம்.
மெடிக்கல் ஷாப்பும் பிள்ளையின் பழைய பள்ளிக்கூடமும்
அந்தத் தெருவில்தான் இருக்கின்றன, இருக்கட்டும்.
வீட்டுக்காரருக்குத் தெரியாததை
பெயரில்லாத ஒருவன், ரோமில்,
எப்போதோ,
எந்தச் சந்தில் திரும்பியபடி கண்டுபிடித்தான்?

மூன்று ரூபாய் நாலு காசு.
சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.
முதலாளி என்னைப் பார்த்தார்,
பிறகு காசை மட்டும் விட்டுக்கொடுத்தார்.

ராத்திரி இட்லிப் பானை ஆவியில் காட்டி
ஒட்டிக் கிடந்த தாள்களைப் பிரித்தேன்.
அச்சு எழுத்து எதிர்ப்பக்கம் தாவி
கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நின்றது.
பென்சில் அசையவில்லை.
ஒரு வரிக்கு அடியில் கோடு,
கோட்டுக்குப் பக்கத்தில்:

புரியவில்லை. 1971.
புரியவில்லை. 1988, அம்மா இறந்த வாரம்.
2009: கொஞ்சம்.

எது கொஞ்சம் என்று எழுதவில்லை.
ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி
அந்த வரியைச் சத்தமாக வாசித்தேன்,
தப்பாகத்தான் இருக்கும்.
பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தி
மறுபடி குரைத்தது.

கீழே இன்னும் இரண்டு விரற்கடை வெறும் தாள்.
பில் போடும் பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
நாளை ஏழாம் தேதி.
சுற்றிப் போக இரண்டு சந்து அதிகம்,
சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும்.