எந்த மணங்கு

டெண்டரில் நானூறு மணங்கு புளி என்றிருந்தது.
கொட்டை நீக்கியது, நார் நீக்கியது,
நிறம் செம்பழுப்பு.
எந்த மணங்கு என்று
எழுதியவரும் எழுதவில்லை,
கையெழுத்திட்டவனும் கேட்கவில்லை.
கையெழுத்திட்டவன் நான்.

செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மணங்கு என்றால்
எட்டு வீசை, இருபத்தைந்து ராத்தல்.
ரயிலுக்கும் ராணுவத்துக்கும் எண்பத்திரண்டு சொச்சம்.
அங்கண்ணச் செட்டியார் தம் மணங்கில் நானூறு அளந்து
சூரமங்கலம் கிடங்கில் இறக்கி
ரசீதை மடியில் செருகிக்கொண்டு போனார்.
அவர் பொய் சொல்லவில்லை.
தராசும்.

சுதந்திரம் வந்து எட்டு மாதம்.
கிடங்குக் கதவில் வெள்ளைக்காரன் அம்பு முத்திரை
சுரண்டப்படாமல் கிடந்தது.
புது முத்திரை டில்லியிலிருந்து வரும் என்றார்கள்.
அதுவரை மூட்டையில் எதைக் குத்த?
கரியால் ஒரு வட்டம் போடச் சொன்னேன்.
பெருமாயி போட்ட வட்டங்களில்
ஒன்றைப்போல் ஒன்று இல்லை.

குறைந்தது இருபத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் ராத்தல்.
வடக்கே பனியில் நம் ஊர்ப் பையன்கள்
மூன்று வேளையும் ரொட்டி, பருப்பு.
அவசரப் பட்டியலில்
கம்பளிக்கு அடுத்த வரி புளி.

லாரியை மலையடிவாரத்தில் நிறுத்திப்
பதினோரு நாள் வாங்கினேன்.
நாகலூரிலிருந்து தலைச்சுமையாய் இறக்கினாள் வெள்ளச்சி,
உப்பிட்டு அடைத்த இரண்டு வருஷப் புளி,
கன்னங்கரேல் என்று.
சட்டப்படி ஆகாது என்றேன்.
"சண்டைக்குப் போனவன்
நெறம் பாத்தா திம்பான்?"
நிறம் என்ற கட்டத்தில் 'சரி' என்று எழுதினேன்.
பொய் சொன்னது இங்கேதான்.

ஐப்பசி. சேர்வராயன் மேல் முகில் கவிய
கிடங்குக்குள் புளி வியர்த்தது.
எதிர்ச் சுவரோரம் ஆறாயிரம் ஜோடி பூட்ஸ்.
கயிறு கோக்கும் பித்தளைக் கண்களெல்லாம்
ஒரே வாரத்தில் பச்சை பூத்தன.
புளிக்கும் பித்தளைக்கும் நடுவே எத்தனை அடி?
கையேட்டைப் புரட்டினேன்.
வெடிமருந்துக்கு இருந்தது, மண்ணெண்ணெய்க்கு இருந்தது.

பச்சையைப் போக்கப் பெருமாயி கையிலெடுத்தது
அதே புளியைத்தான்.
பூட்ஸுக்குப் பன்னிரண்டு கண்.
எட்டுப் பெண்கள், பத்தொன்பது நாள்,
பக்கத்தில் தண்ணீர் வாளி.
தேய்த்துத் தீர்ந்தது நாற்பது ராத்தல்.
எந்தத் தலைப்பில் எழுத?
எலி என்று எழுதினேன்.

மார்கழியில் ஒரு கடிதம்,
லான்ஸ் நாயக் மரியசூசை, பட்டாளத்துச் சமையல்.
'புளி கிடைத்தது. வந்ததும் கல்லாகிவிட்டது.
கோடரியால் பிளந்தோம்.
கறுப்பு மூட்டை மட்டும் கத்திக்கு இளகியது.
ரசம் வைத்தோம். நாற்பது பேருக்குப் போதவில்லை.
அது எந்த ஊர்ப் புளி?
மூட்டையில் ஒரு கோணல் வட்டம்தான் இருக்கிறது.'

மூன்று வருஷம் கழித்துத்
தணிக்கைக்காரர் சிவப்பு மசியில் கேட்டிருக்கிறார்:
'எந்த மணங்கு? விளக்கம் தருக.'

எழுத உட்கார்ந்தேன்.
கிடங்குப் பூட்டு துருவேறி இறுகிவிட்டதாம்,
சாவியோடு வந்து நிற்கிறாள் பெருமாயி.
கொஞ்சம் எண்ணெய் கொடுத்தனுப்பினேன்.
அதற்கும் ஒரு வரி எழுத வேண்டும்.