எந்த யன்னலில் தட்டுவது

அமலோற்பவம் அக்காவின் கொப்பியை
மேசையில் விரித்து வைத்திருக்கிறேன்.
நாற்பது தாள், சதுரக்கோடு.
முன்பக்கத்திலிருந்து இறால் கணக்கு.
மறுபுறம் திருப்பிப் பிடித்தால்
தொண்ணூற்றொன்று ஆனியிலிருந்து
பாசையூரின் இரத்தம்.

பெயர். வகை. ஒழுங்கை.
நாய் உண்டு, நாய் இல்லை.
எந்த யன்னலில் தட்டுவது.

ராசநாயகம், பி பொசிட்டிவ், கிணற்றடிப் பக்கம், மனிசிக்குக் கேட்காமல்.
மெற்றில்டா, ஓ நெகட்டிவ், குசினி யன்னல், மூன்று தரம்.
சூசைதாசன், ஏ பொசிட்டிவ், பயந்தவன், சைக்கிளில் முன்னால் ஏற்றவும்.

கரண்ட் இல்லை, ரெலிபோன் இல்லை.
பெரியாஸ்பத்திரியிலிருந்து ஒரு பொடியன்
துண்டோடு ஓடிவருவான்.
ஜாம் போத்தல் விளக்கில் அதை வாசித்துவிட்டு
கொப்பியையும் சைக்கிளையும் எடுப்பா.
டைனமோவைத் தட்டிவிடாமல்தான் ஓடுவாவாம்.
மேலே ஹெலி நின்றால்
வெளிச்சமும் ஒரு விலாசம்.

பல பெயர்களில் கோடு.
கோட்டுக்கு மேலே சின்ன எழுத்தில்
கொழும்பு. ஜேர்மனி. வள்ளத்தோடை.
மெற்றில்டாவின் கோட்டுக்கு மேலே
எதுவுமில்லை.
கேட்டேன்.
எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைச்சா.
ஒலிப்பதிவில் அந்த இடத்தில்
நான்கு நிமிடம் கேத்தில் கொதிக்கிறது.
நான் வெட்டவில்லை.

என் படிவத்தில் ஒரு கட்டம்: பதவி.
"ஒண்டுமில்லை எண்டு போடும்.
இறால் உரிச்சனான்."
சேர்ந்திருந்த அமைப்பு?
"மாதா சங்கம். சந்தா கட்டேல்லையெண்டு
அதிலையும் பேரை வெட்டிப்போட்டினம்."
சேவைக்காலம் என்று வாசித்தேன்.
சிரிச்சா.

ஒரு பெயர் மட்டும் விளங்கவில்லை.
ஞானம், ஓ பொசிட்டிவ்.
ஒழுங்கை இல்லை, நாய் இல்லை, யன்னல் இல்லை.
ஒரே வருஷத்தில் ஏழு தரம்.
"ஆரக்கா இந்த ஞானம்?"
"மூண்டு மாதத்துக்குள்ளை
குடுத்த ஆளிட்டைத் திருப்பி எடுக்கமாட்டினம்.
அதுதான், ஞானம்."
நேர்ஸுக்குத் தெரியுமாம்.
நேர்ஸின் பெயரை மட்டும் சொல்லமாட்டாவாம்,
இத்தனை வருஷம் கழித்தும் ஆரும்
அவவின் பென்சனில் கைவைத்துவிடுவினம் என்று.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்போம் என்றேன்.
"இறால் பக்கமோ, மற்றப் பக்கமோ
மேலை தெரியிறது?"
எனக்குப் பதில் வரவில்லை.
இன்னும் வரவில்லை.

கொப்பியைத் தரமுன்
கடைசித் தாளில் மிஞ்சின இடத்தைத் தடவிப் பார்த்தா.
"உம்மடை வகை என்ன?"
சொன்னேன்.
அவவின் பேனை எழுதவில்லை, என்னுடையதைக் கொடுத்தேன்.
"எந்த ஒழுங்கை? நாய் நிக்குதோ?"
நல்லூர்ப் பக்கம், வாடகை வீடு,
நாய் இல்லை.
பேனையைத் தூக்காமல் காத்திருந்தா.
பிறகுதான் விளங்கியது.

தெருவைப் பார்த்த யன்னல், அக்கா.
கொக்கி போடுறதில்லை.