ஆனைச்சளி ரெண்டு கரண்டி

வீரவநல்லூர் மண்டபம், வெளியே ஒரே வெயிலு,
விசிறிக்கடியில் இலையைப் போட்டு வரிசை வச்ச ரயிலு.
உலகு அக்கா கல்யாணம் நேத்தே முடிஞ்சு போச்சு,
இன்னைக்கு மறுவீட்டுச் சொதி, ஊரே அந்தப் பேச்சு!

இலையில் எல்லாம் வந்தாச்சு; தம்பி வாணு மட்டும்
இறுக்கி வாயைப் பூட்டிக்கிட்டான், யாரு வந்து தட்டட்டும்!
அம்மா கெஞ்சிப் பாத்துட்டா: "அஞ்சே வாயி, ராசா!"
மாமா நூறை நீட்டிப் பாத்தார், மசிவானா அவன் லேசா?

"சொதியில பீன்ஸு, பச்சடி கருப்பு, அவியல் கொழகொழா,
பாயசம் வேணாம், பப்படம் வேணாம்," பாடம் படிச்சான் வழவழா.

நான்தான் பிரமு. நாலாங் கிளாஸ். பக்கத்து இலை என்னுது.
வம்பு ஒண்ணு பண்ணாம என் வயிறு எங்கே தின்னுது?

காதுகிட்ட குனிஞ்சு சொன்னேன், கையால் வாயை மூடி:
"ஏலே, இது சொதி இல்லலே! சத்தங் காட்டாதே, கேடி!
கோயில் ஆனை தும்முச்சாம், கொட்டும் மழையில் நனைஞ்சதாம்,
தும்பிக்கை ரெண்டு ஓட்டையிலும் துளித்துளியா... இல்ல, வழிஞ்சதாம்!
வாளி வச்சுப் பிடிச்சாங்களாம், வடிகட்டாம ஊத்துனாங்களாம்,
எலுமிச்சம்பழம் பிழிஞ்சுவிட்டு இலை இலையாச் சாத்துனாங்களாம்!"

வாணு கண்ணு கோலிக்குண்டு. வாயிப் பூட்டு திறந்தது.
விரலை விட்டான். நக்கிப் பாத்தான். வழிச்ச சொதி பறந்தது.

"அப்போ இது?"
"இஞ்சிப் பச்சடியா? எருமை பொரண்ட சேறுலே!"
"சிப்ஸு?"
"பெரியப்பா கால்நகம், பொரிச்சு வச்சது நூறுலே!"
"அவியல்?"
"முதலைப் பல்லிடுக்கில் மூணு நாளாத் தங்குனது."
"சேமியா?"
"நாக்குப்பூச்சிலே! நெய்யில குளிச்சுத் தூங்குனது."
"மோர்மிளகாயி?"
"எலிவாலு. முடியைச் செரச்சு வறுத்தது."
"பூந்தி?"
"ஆடு போட்டது. சீனிப்பாகில் ஊறி ஊறிப் பெருத்தது."

எதிர் இலையில் வடிவு கேட்டா, ஏழாம் இலையில் தாணு கேட்டான்,
குஞ்சுக் கூட்டம் கூச்சல் போட, கூட வாணுவும் குரலை விட்டான்:

"ஆனைச்சளி இங்கே ரெண்டு கரண்டி!"
"எனக்கு நகம்! நொறுங்காத பெரிய நகம்!"
"பூச்சி தீந்துபோச்சு அண்ணாச்சி, பூச்சி!"

பரிமாறுன அண்ணாச்சி பாத்திரத்தை உத்துப் பாத்தாரு.
பெரியப்பா வேட்டியைத் தூக்கிக் கால்விரலைப் பாத்தாரு.
பத்தும் இருக்கு. ஆனாலும்
சிப்ஸைத் தள்ளி வச்சாரு.

பெரியம்மைக்கு விக்கலு. சம்பந்திக்கோ முக்கலு.
பந்தி முழுக்கச் சத்தமில்லை, பாயசத்தில் சிக்கலு.

அடுக்களையில் இருந்து வந்தார் தவசிப்பிள்ளை குத்தாலம்,
ஆளு நடந்தா தரை அதிரும், கரண்டி கையில் கைத்தாளம்.
"யாருலே சொன்னது?" நான் குனிஞ்சேன். ஒரு விரலும் அசையலை.
"என் சொதியா ஆனைச்சளி?" ஒருத்தருமே பிசையலை.

ஒரு கரண்டி மொண்டாரு. உள்ளங்கையில் சொட்டினாரு.
நக்கிப் பாத்து, கண்ணை மூடி, நாக்கைச் சப்புக் கொட்டினாரு.

"சளியில உப்புக் கம்மிலே," ன்னார். "ஏ பரமசிவம், உப்பு எடு!"
மாப்பிள்ளை அத்தான் கையைத் தூக்கி, "பூச்சி இன்னும் ஒரு கப்பு எடு!"

அப்புறம் என்ன? சம்பந்தியும்
அண்ணாச்சி காதைக் கிட்ட இழுத்து,
யாருக்கும் கேக்காம, ரொம்ப மெதுவா,
ஒரு கை நகம் வாங்கிக்கிட்டார்.

கடைசிப் பந்தி. அம்மா வந்தா. காலி அண்டா இளிச்சுது.
சொதியும் இல்ல, சிப்ஸும் இல்ல. கொஞ்சம் ரசந்தான் பொழைச்சுது.

வாணு எட்டிப் பாத்துக் கேட்டான்: "அம்மா, அது என்னம்மா?"
"ரசம்."
"ரசம்னா?"
"வெறும் ரசந்தாம்ல."
"வேற ஒண்ணும் இல்லையாம்மா?
புளி? மிளகு? மல்லி இலை? அவ்வளவுதானா?"

மூஞ்சியைச் சுளிச்சான். மூக்கைப் பொத்தினான்.
"சீ! அதைப் போய் எப்பிடிம்மா திங்கே?"