மாற்றம் இல்லை

மூக்கையூர் வானொலிக்குப்
படிவம் வந்திருக்கிறது.
ஆண் ஆறு. பெண் நான்கு. திருநர் ஒன்று.
போன வருசமும் ஒன்றுதானே என்று
குறிப்பில் எழுதுகிறார் மேலாளர் சூசைராசு:
மாற்றம் இல்லை.

போன வருச ஒன்று ரெனிட்டா.
கச்சான் எழும்புமுன்னே
வத்தைகளைக் கரைக்குக் கூப்பிட்ட குரல்.
ஏன் போனாள் என்பதற்குக் கட்டமில்லை,
பதினாலு மாசம் ஏறாத சம்பளத்துக்கும்,
ராத்திரி ஷிப்ட் முடிந்து
அவள் தனியே நடந்த
விளக்கில்லாத ரோட்டுக்கும்.

இந்த வருச ஒன்று நான்.
ஹெட்போன் பட்டை
இன்னும் அவள் தலை அளவில் நிற்கிறது,
சுருக்கவில்லை.

அலை உயரம் இரண்டு புள்ளி மூன்று மீட்டர்
என்று வாசித்து முடிக்கிறேன்.
கடலுக்குள்ளிருந்து போன்:
"ரெனிட்டாக்கா, தொண்டை கட்டியிருக்கா?"

ஆமாண்ணே என்று
பொய்யாக இருமுகிறேன்.