நான்கு மணி நேர இருட்டு

நாளைக் காலை பத்து மணிக்குத்
தம்மம்பட்டியிலிருந்து ஆள் வருகிறார்.
இரண்டில் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும்.
எதை என்று நான் சொல்லவில்லை.
"எதுவானாலும் சரி மேடம், விலைதான்" என்கிறார் லூர்துசாமி.

அதனால் ஞாயிறு விடியுமுன்
இரண்டையும் ஒரே பையில் போட்டு
கோரிமேடு தாண்டி ஸ்கூட்டியை மலைக்குத் திருப்பினேன்.
பழையது செங்கல்.
புதியது டிபன் பாக்ஸ், அதுவும் சாப்பிட்டு முடித்தது.

வாரத்தில் ஆறு நாள் நான் எடுப்பது கொலுசு.
செவ்வாய்ப்பேட்டை மாடியறை, வெள்ளைத் துணி,
ஒவ்வொரு மணியிலும் குட்டிக் குட்டியாய் நான்,
முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு வட்டம்.
மிரர்லெஸ் வந்த பிறகு வேலை சுளுவாகிவிட்டது.
எடுக்கப் போகும் படத்தை
எடுக்கும் முன்பே காட்டிவிடுகிறது.
வெள்ளி வெளுத்தால் அப்போதே தெரியும்.
"சத்தமே வரலியே, எடுக்கிறியா இல்லியா?"
என்று முதலாளிக்குத்தான் சந்தேகம்.
மாதம் மூவாயிரத்து அறுநூறு.
இன்னும் பதினொரு தவணை.

அடிவாரத்தில் பாதி எழும்பிய வீடு.
சாரத்தில் திருஷ்டிப் பூசணி,
பல்லும் மீசையுமாய் முழித்துக்கொண்டு.
புதியதைத் தூக்கினேன்.
பச்சைக் கட்டம் ஓடிப் போய்
பூசணியின் இடது கண்ணில் உட்கார்ந்தது.
பக்கத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்த வாட்ச்மேனை
அது ஆளாகவே மதிக்கவில்லை.
நான் சிரிக்க, அவரும் நுரையோடு சிரித்தார்.
பழையதற்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது.
நடுப் புள்ளியை எங்கே வைக்கிறேனோ அங்கே பார்க்கும்,
அதுவும் இரண்டு தரம் முனகிவிட்டு.

ஒன்பதாவது வளைவில் மூடுபனி.
புதியதற்குள் எட்டிப் பார்த்தால் ஒரு சின்ன டிவி.
சில்வர் ஓக் மரங்கள் அதில் ஒளிபரப்பாகின்றன,
ஒரு இழை தாமதமாக.
பழையதில் மரத்தில் பட்ட அதே வெளிச்சம்
கண்ணாடியில் முட்டி மோதி என் கண்ணுக்கு வருகிறது.
பனியில் இரண்டும் ஒன்றுதான் என்று
அப்போது நினைத்தேன்.

பதினான்காவது வளைவில்
காப்பித் தோட்டத்து வேலியை மிதித்துக்கொண்டு
ரோட்டில் இறங்கியது ஒரு காட்டு மாடு.
வெள்ளைக் காலுறை. நெற்றியில் ஒட்டிய ஈர இலை.
புதியது சிவப்பாக ஒரு தரம் மினுக்கி
பேட்டரி தீர்ந்து கண்ணை மூடிக்கொண்டது.
செங்கல்லை இழுத்தேன்.
*டப்.*
கண்ணாடி மேலே போனது, எல்லாம் கறுப்பு,
கண்ணாடி கீழே வந்தது.
மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துபோய்விட்டது.

படத்தில் அது என்னை நேராகப் பார்க்கிறது.
நான் அதைப் பார்க்கவில்லை.

லேடீஸ் சீட்டில் டீயோடு கணக்குப் போட்டேன்.
கீழே சேலம், வெட்டிய வெள்ளைக்கல் குழிகளோடு
இன்னும் பாதி பனிக்குள்.
ஷட்டர் ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம்.
ஒவ்வொன்றுக்கும் நொடியில் பத்தில் ஒரு பங்கு இருட்டு.
கூட்டினால் நான்கு மணி நேரம், சொச்சம் குறைய.
நான் எடுத்த அத்தனையும்
அந்த நான்கு மணி நேரத்தில்தான் நடந்திருக்கிறது,
மூன்று கல்யாணம், ஒரு வளைகாப்பு,
ரயிலடியில் கையசைத்த ஒருத்தன் உட்பட.
அவன் முகத்தைப் படத்தில்தான் முதலில் பார்த்தேன்.

இருந்தாலும் சோறு போடுவது கொலுசு.

திங்கள் பத்தேகாலுக்கு வந்தார்.
உறையைக் கழற்றினார், லென்ஸில் ஊதினார்,
"சத்தம் ஜாஸ்தியா இருக்கே?" என்று ஐந்நூறு குறைத்தார்.
"அது அப்படித்தான்" என்றேன்.
சோதிக்க வேண்டுமாம். என் பக்கம் திருப்பினார்.
எதிர்ப்பக்கம் நின்று நான் பார்த்ததே இல்லை,
அவ்வளவு பெரிய கறுப்பு வட்டம்.
*டப்.*
இந்த நொடி இவர் என்னைப் பார்க்கவில்லை
என்பது எனக்கு மட்டும் தெரியும்.

"கண்ணை மூடிட்டீங்க மேடம். இன்னொண்ணு?"

வேண்டாம் என்றேன்.
அட்டையை உருவிக்கொண்டு பணத்தை எண்ணினேன்.
ஒன்று கூடியிருக்கிறது என்று
அவரிடம் சொல்லவில்லை.