ஒரு மில்லி மேடு

ஷார்ஜா ரோலாவில், டைப்பிங் சென்டருக்கும்
கரக் டீக்கடைக்கும் நடுவே என் கடை.
கோப்பை விற்கிறேன், பெயர் பொறித்துத் தருகிறேன்.
பந்தை ஒருநாளும் உதைத்ததில்லை,
ஜெயித்தவர்களை எழுத்துக்கூட்டத் தெரியும்.

ஒன்பது கல்லூரிகளின் கால்பந்துத் தொடர்.
வருஷத்துக்கு ஒரு சிறந்த ஆட்டக்காரன்.
ஒன்பது பயிற்சியாளர்கள் ஓட்டுப் போடுவார்கள்,
தன் பையனுக்குத் தானே போடக் கூடாது.
பெயர் வாட்ஸ்அப்பில் வரும், எப்போதும் தாமதமாக,
'அர்ஜென்ட் பாய்' என்ற வாலோடு.

சுழற்கேடயத்தில் இதுவரை பதினோரு பித்தளைத் தகடுகள்.
ஐந்தாம் தகடு இப்போது அஜ்மானில் பல் டாக்டர்,
என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவன்.
பெயரைச் சொல்லிப் பார்த்தேன்,
தள்ளுபடி கிடைக்கவில்லை.

இந்த வருஷம்
முஸ்தஃபா தாஜுல்சிர் அப்துல்காதிர்.
அரபியில் சொகுசாக உட்கார்ந்துவிட்டது.
ஆங்கில வரியில் இருபத்திரண்டு எழுத்துக்குத்தான் இடம்,
இவனுக்கோ இடைவெளியோடு இருபத்தேழு.
தாத்தாவை எடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஷட்டரைத் தூக்கும்போதே
வாசலில் நின்றான்.
நெடுநெடுவென்று, ஒரு முழங்காலில் கட்டோடு,
ரப்பர் செருப்பில்.
'என் பெயரைப் பார்க்கலாமா?'

விழா வியாழன் அல்லவா என்றேன் என் உடைந்த அரபியில்.
இன்று இரவு விமானம் என்றான்.
அப்பாவின் அலுமினியக் கம்பெனி மார்ச்சில் மூடியது,
விசாவுக்கு இன்னும் இரண்டு நாள்.
'ஊருக்கா?'
'ஊர் இப்போது போகிற மாதிரி இல்லை. கெய்ரோவுக்கு.'

தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தான்,
பரீட்சைத் தாளைத் திரும்பிப் பார்ப்பவன் போல.
ஜே வர வேண்டிய இடத்தில் ஜி.
கமிட்டி அனுப்பியது அப்படி என்று
போனைத் திறந்து காட்டினேன்.
'தாத்தா எங்கே?'
'இடமில்லை தம்பி.'
'பரவாயில்லை, அவருக்குக் கால்பந்தே பிடிக்காது.'

புதுத் தகடு, நாலு நிமிஷ வேலை.
மெஷின் மூடிக்குள் நீலப் புள்ளி ஓடுவதை
குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.
வார்னிஷ் கருகும் வாசனை.
பக்கத்தில் யாரோ டீயை ஆற்றிக் குடிக்கிற சத்தம்.

அப்போதுதான் போன் அதிர்ந்தது.
நேரில் வருபவருக்கே விருது, விதி அப்படி.
பெயரை மாற்றவும்: ஜோயல் குரியாகோஸ். அர்ஜென்ட் பாய்.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.
'ஜோயலா?' என்றான்.
'நேற்றே சொல்லிவிட்டார்கள்.
நல்ல ஆட்டக்காரன்.
இடது காலில் மட்டும் ஒன்றுமில்லை.'

நேற்றே தெரிந்திருந்தும்
எதற்கு இந்த ஜே என்று
நான் கேட்கவில்லை.
தகடு சூடாக வந்தது. ஊதிக் கொடுத்தேன்.
எழுத்தெழுத்தாக விரலை ஓட்டிவிட்டு
என்னிடமே திருப்பித் தந்தான்.

தப்பான தகட்டைக் குப்பைக்கூடையில் போடப் போனேன்.
'அதை நான் எடுத்துக்கொள்ளட்டுமா?'
பாஸ்போர்ட் உறைக்குள் செருகிக்கொண்டு
சிக்னல் மாறுவதற்குள் சாலையைக் கடந்தான்,
கட்டுப் போட்ட காலையும் இழுத்துக்கொண்டு,
இரண்டு டாக்ஸிகளுக்கு நடுவே
மூன்றாவது எதிர்பார்க்காத ஒரு வளைவு.
அன்று நான் பார்த்தது கால்பந்து என்றால்
அவ்வளவுதான் நான் பார்த்த கால்பந்து.

புதன் ராத்திரி ஜோயலைப் பொறித்தேன்.
பதினைந்து எழுத்து, இடம் மிச்சம்.
பன்னிரண்டாம் கட்டத்தில் முதலில் ஜே உள்ள தகட்டை ஒட்டினேன்.
அதன் மேல் இதை.

மேடையில் யாருக்கும் தெரிந்திருக்காது.
பக்கவாட்டில் கண்ணை வைத்தால்
மற்ற பதினொன்றைவிட ஒரு மில்லி மேடு.
தூசி துடைக்கிற துணி
அந்த இடத்தில் மட்டும் லேசாக இடறும்.

பில்லில் இரண்டு தகடு போட்டிருந்தேன்.
ஒன்றுக்குத்தான் பணம் தருவோம் என்கிறது கமிட்டி.
பதினைந்து திர்ஹம்.
மூன்று தடவை ஞாபகப்படுத்திவிட்டேன்,
இரண்டு நீலக் குறி விழுந்திருக்கிறது.