ஊசி நகர்ந்த தூரம்

உப்புவெளியை வரைய எனக்கு மைச் செலவே இல்லை.
பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு சமவுயரக் கோடு என்பது விதி.
இங்கே ஒன்றுகூடக்
கால் வைக்க இடம் கிடைக்காமல்
கரையோடு திரும்பிப் போனது.
ஊயூனிக்கு மேற்கே நான்கு தாள்களை
வெள்ளையாகவே அனுப்பினேன்.
லா பாஸ் ஆபீஸிலிருந்து போன்:
"இன்ஜினியர் அம்மா, நீங்கள் அங்கே போனீர்களா, இல்லையா?"

தகராறெல்லாம் கரையில்,
கினோவா விளைகிற அந்த ஒற்றை விரல் மண்ணில்.
கெயாரிக்கும் லாகாயாவுக்கும் எல்லை சொல்ல
1911-இல் எழுதிய பத்திரம் ஒன்று,
மடிப்புகளில் கிழிந்து, மூலையில் லாமாக் கொழுப்புக் கறையோடு:
"கற்குவியலில் நின்று,
ஊசியின் வடக்கிலிருந்து கிழக்கே இருபது பாகை,
மூவாயிரம் வாரா."
வாரா என்றால் கஜத்துக்குக் கொஞ்சம் குறைவு.

லாகாயாவின் ப்ரிமிதீவோ லூபா
சந்தையில் வாங்கிய திசைகாட்டியைக் கற்குவியல் மேல் வைத்தார்.
ஒரு கண்ணை மூடினார்.
இருபது பாகை பிடித்து நடந்து
நாற்பது முளைகள் அடித்தார்,
சிவப்பு பெயிண்டில் எண் போட்டு.
பதினேழாவது முளை
ஸெனோபியா கோல்க்கே சமையலறை வாசலில்.
பதினெட்டாவது, அவள் கினோவாக் கட்டுகளுக்கு நடுவில்.
"இடையில் என் அடுப்பு இருக்கிறது" என்றாள் என்னிடம்.
"அது எந்த ஊர்?"

முக்காலியை விரித்தேன்.
குமிழி நடுவுக்கு வரக் காத்திருந்தேன்;
அந்தக் காற்றில் அதற்கு ஒரு பொழுது ஆனது.
செயற்கைக்கோள்கள் பதினொன்று கூடி
நான் நிற்கும் இடத்தை நகக்கண் அளவுக்குச் சொல்லின.
லூபாவின் திசைகாட்டியும் சரிதான்.
துரு இல்லை, தடுமாற்றம் இல்லை.

சரியாக இருந்ததில்தான் சிக்கல்.

ஒவ்வொரு வரைபடத்தின் ஓரத்திலும்
காக்கைக் காலடி மாதிரி மூன்று கோடுகள் இருக்கும்,
யாரும் பார்ப்பதில்லை.
ஒன்று, பூமி சுழலும் அச்சின் வடக்கு.
ஒன்று, தாளில் கட்டம் போட்டவர்களின் வடக்கு.
மூன்றாவது ஊசியின் வடக்கு.
அது பாதாளத்தில் உருகி ஓடும் இரும்பின் பேச்சைக் கேட்கிறது.
பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களில்
அந்த இரும்பு இல்லை.
நூறு வருஷமாக அது தன்பாட்டுக்குப் புரண்டதில்
ஊசி பதினைந்து பாகை மேற்கே போய்விட்டது.
கூடவே கோடும் போனது,
மெல்ல, வயல் வயலாக,
ஒரு நாய்கூடக் குரைக்காமல்.

இதை லூபாவுக்கு மண்ணில் கீறிக் காட்டினேன்.
வெகுநேரம் குந்தியிருந்து பார்த்தார்.
"உங்கள் கோடு மட்டும் நாளைக்கு நகராதா?"
கோடு நகராது,
அதைக் கண்டுபிடிக்கும் வழி நகரும் என்றேன்.
அதனால்தான் தேதி போடுகிறோம்.
எனக்குத் தெரிந்து,
தன் பிழையைத் தானே ஓரத்தில் எழுதிக்கொண்டு
கடைக்கு வரும் பொருள் வேறில்லை.

திருத்திய கோடு கிழக்கே விழுந்தது.
அடுப்பு தப்பியது.
இரண்டு ஊரும் சேர்ந்து ஆடும் கால்பந்து மைதானத்தில்
ஒரு கோல்கம்பம் மட்டும் எல்லை தாண்டியது.
அதை ஒருவரும் கேட்கவில்லை.

கற்குவியலைப் பற்றி நானும் பேசவில்லை.
அவ்வழிப் போகிற ஒவ்வொருவரும் ஒரு கல் வைக்கிறார்கள்,
காற்று படாத பக்கமாக நின்று.
நூறு வருஷக் கற்கள்.
எந்தக் கல்லில் நின்று அன்று அளந்தார்கள் என்பது
என் பதினொரு செயற்கைக்கோள்களுக்கும் தெரியாது.
அளவுகோல் ஒன்றுக்கு ஐம்பதாயிரம்;
குவியல் முழுவதும் பென்சில் முனைக்குள் அடங்கிவிடும்.
தாளுக்கு நன்றி.

சாயங்காலம் முளைகளைப் பிடுங்கப் போனோம்.
ஒன்றுகூட இல்லை.
குழிகள் மட்டும், விளிம்பில் உப்பு பூத்து.
ஸெனோபியா எங்கள் இருவருக்கும் சூப் ஊற்றினாள்.
விறகுக்கு மரமே இல்லாத ஊர்.
லூபா கிண்ணத்தைப் பார்த்தார்,
பிறகு அடுப்பைப் பார்த்தார்.
உள்ளே சிவப்பு பெயிண்ட் கொப்புளித்துக்கொண்டிருந்தது:
ஒரு பதினேழு.